மதிப்பீட்டாளரை மாற்றக் கோரி ஒரு கடிதம்

போன மாதம், நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த உளவியலாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. எனக்குக் கொடுத்த தலைப்பு: பண்பாட்டு அடையாளமும் தொழில் அறமும். நேரம் நாற்பது நிமிடம். நான் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் எழுந்து, இத்தனை வருட வேலையில் எனக்கே பாரபட்சம் வந்ததுண்டா என்று கேட்டார். வந்திருக்கிறது என்றேன். அடுத்து உதாரணம் கேட்பார் என்று நினைத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

அந்த உதாரணம்தான் இது. சம்பந்தப்பட்ட பெரியவர் இப்போது இல்லை. பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதை மாற்றவில்லை.

நான் பிறந்தது மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பண்ணையாள். பள்ளிக்கூடம், விடுதி, உதவித்தொகை, கல்லூரி, வெளி மாநிலத்தில் இரண்டு வருடப் பயிற்சி என்று எல்லாம் வரிசையாக நடந்தது. பயிற்சியில் கற்றதில் பாதி பிற்பாடு உதவியது. எந்தப் பாதி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இருபத்தேழு வயதில் தஞ்சாவூருக்கு வந்து மனநலப் பிரிவில் சேர்ந்தேன்.

மனநலப் பிரிவுக்கு வருகிறவர்களை நாங்கள் சோதிப்பதாகத்தான் பெயர். முதலில் சோதிப்பது அவர்கள். மேடத்துக்கு எந்த ஊர் என்று ஆரம்பிப்பார்கள். மன்னார்குடி பக்கம் என்பேன். மன்னார்குடியில் எங்கே என்பார்கள். அப்பா என்ன செய்கிறார் என்பார்கள். கடைசியாக, அந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். தெரு தெரிந்தால்தான் அவர்களுக்கு என்னோடு எந்த அளவுக்குப் பேசலாம் என்று தெரியும். மூன்றாவது கேள்விக்கு, விவசாயக் குடும்பம் என்று பதில் சொல்லிவிட்டு நோயாளியின் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். விவசாயக் குடும்பம் என்பது பொய்யில்லை. நிலம் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. இப்படியே இருபது வருடம் ஓட்டினேன். சக ஊழியர்களிடமும் இதே பதில்தான்.

எங்கள் பிரிவின் மூத்த உளவியலாளர் அருளானந்தம் சார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதும் ஒவ்வொரு அறிக்கையையும் நின்றுகொண்டு, செய்தி வாசிப்பவர்போல ஏற்ற இறக்கம் இல்லாமல் உரக்கப் படிப்பார். 'ஒத்துழைக்க மறுக்கும்', 'அலட்சியமான' மாதிரி ஒரு சொல் வந்தால் நிறுத்துவார். "இது பார்த்ததா, நினைச்சதா?" என்பார். நினைத்தது என்றால் பென்சிலால் ஒரு கோடு. ஒருமுறை நான் எழுதிய மூன்று பக்க அறிக்கை அவர் படித்து முடித்தபோது ஒன்றேகால் பக்கமாக இருந்தது.

அவர் வைத்த ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் மடித்து இரண்டு பத்தி. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் நினைத்தது. இடப்பக்கம் மட்டும்தான் அறிக்கைக்குப் போகும். வலப்பக்கத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். "இந்த அம்மா என் மாமியார் மாதிரி பேசுகிறார்" என்று நானே எழுதியிருக்கிறேன். அதைப் படித்தும் சார் சிரிக்கவில்லை. மாமியார் எப்படிப் பேசுவார் என்பதை இடப்பக்கத்தில் எழுதச் சொன்னார்.

சேர்ந்த முதல் வருடம் கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு மறதி. படங்களைக் காட்டி, இதில் என்ன குறைகிறது என்று கேட்கும் ஒரு சோதனை வைத்தேன். ஒரு அட்டையில் கதவு. கைப்பிடி இல்லாத கதவு. அந்தப் பெண் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் குறையவில்லை என்றார். பூஜ்யம் போட்டேன். அதேபோல இன்னும் சில பூஜ்யங்கள்.

சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நான் வளர்ந்த வீட்டுக் கதவில் கைப்பிடி உண்டா என்று கேட்டார். எங்கள் வீட்டில் கதவே கிடையாது. தட்டி. இழுத்துக் கட்டக் கயிறு. கயிறு என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப அந்த வீட்லயும் ஒண்ணும் குறையல" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் என் வீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. மறுவாரம் பிரிவுக்கு ஒரு பக்க விதிமுறை எழுதி ஒட்டினார். தேதி கேட்டால் தமிழ்த் தேதி சொல்லலாம், திருவிழாவை வைத்துச் சொல்லலாம், ஆற்றில் தண்ணீர் வந்த நாளை வைத்துச் சொல்லலாம். கணக்குப் போட்டுச் சரியாக வந்தால் முழு மதிப்பெண். பழைய ஜில்லாப் பெயர் சொன்னாலும் சரி. கை நடுங்குகிறவர் வரைந்த கோணல் கோட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

நான் சேர்ந்து இருபது வருடம் ஆனபோது நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர், பெயர் ராமலிங்கம் என்று வைத்துக்கொள்வோம், தன் சொத்தைத் தானே நிர்வகிக்கும் மனநிலையில் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மனு போட்டவர் மகன். மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டு, நினைவு, புரிதல், முடிவெடுக்கும் திறன் இவற்றைச் சோதிக்க என்னிடம் அனுப்பினார்.

கடிதத்தில் ஊரின் பெயர் இருந்தது. என் ஊர். ராமலிங்கம் என்ற பெயரையும் எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா முப்பது வருடம் அவர் வயலுக்கு மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர். அப்பா அவரைவிட ஒன்பது வயது பெரியவர். அவர் அப்பாவை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்.

நான் பயிற்சியில் இருந்தபோது அப்பா இறந்தார், செய்தி கேட்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஐப்பசி மாதம், நல்ல மழை. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வயல் வரப்பில்தான் போக வேண்டும். பாடை தூக்கும் நாலு பேர் வரப்பில் சேர்ந்து நடக்க முடியாது. இரண்டு பேர் நடவு வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும். ராமலிங்கம் குடையோடு வந்து நின்று, பயிரைப் பார்த்துப் போங்கடா என்று சத்தம் போட்டிருக்கிறார். வயலில் இருந்தவர்கள் வரப்பில் ஏறப் பார்த்தபோது பாடை சாய்ந்தது. அப்பாவின் கை துணிக்கு வெளியே வந்து சேற்றில் பட்டது. இதை அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னான். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

கடிதம் வந்ததற்கும் அவர் வந்ததற்கும் நடுவில் இரண்டு நாள் இருந்தது. இவரை எனக்குத் தெரியும், வேறு யாராவது பார்க்கட்டும் என்று சாரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குத் தெருவரை போக வேண்டும். நான் பழுத்த அனுபவசாலி, நடுநிலையாக இருந்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் மகனிடம் விவரம் கேட்டேன். நாற்பது வயதுக்காரர், சிங்கப்பூரிலிருந்து இதற்காகவே வந்திருந்தார். அப்பாவுக்கு மறதி, கோபம், குளிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், நீங்களும் விவசாயக் குடும்பம்னு சொன்னாங்க. உங்களுக்கே தெரியும். வாய்க்காலை ஒட்டுன நஞ்சை. அதுல ஒரு துண்டை காலனிக்காரங்க பொணம் தூக்கிட்டுப் போறதுக்கு எழுதிக் குடுக்கறேங்கறார். புத்தி தெளிவா இருக்கறவன் செய்வானா?"

அந்தக் காலனி எங்கள் தெரு. என் அம்மாவும் அண்ணனும் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள். நான் நோட்டில், மனுவுக்கான காரணம் நிலம் என்று எழுதிக்கொண்டேன்.

மகனை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவரை உட்காரவைத்தேன். சோதனையை யார் கேட்டார்கள், எதற்கு, அறிக்கையை யார் யார் படிப்பார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சொன்னேன். "கேளுங்க டாக்டரம்மா, தெரிஞ்சதச் சொல்றேங்க" என்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வெள்ளை வேட்டி. கைக்கடிகாரம் மெலிந்த மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏறி இறங்கியது.

இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். தேதி ஞாபகமில்லை, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து இன்றோடு ஆறு நாள் என்றார். உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்றதற்குத் தஞ்சாவூர் ஜில்லா என்றார். எங்கள் ஊர் பிரிந்து வேறு மாவட்டத்துக்குப் போய்ப் பல வருடமாகிறது. சொன்ன மூன்று சொற்களில் இரண்டைத் திருப்பிச் சொன்னார். கழித்தல் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டார். படத்தைப் பார்த்து வரையச் சொன்னபோது கை நடுங்கியது, கோடு கோணியது. தேதிக்குப் பூஜ்யம். மாவட்டத்துக்குப் பூஜ்யம். படத்துக்குப் பூஜ்யம். கூட்டிப் பார்த்தால், திறன் போதும் என்ற எல்லைக்கு இரண்டு மதிப்பெண் கீழே நின்றார்.

அவர் புத்தி சரியில்லை என்று எழுதினால் எங்கள் தெருவுக்குப் பாதை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பூஜ்யங்கள் விழுந்தன. பாதையைவிடக் கோபம் பெரியதாக இருந்தது என்பதை அந்தத் தாள்தான் எனக்குச் சொன்னது. அதுவும் அன்றைக்குச் சொல்லவில்லை. அன்று அதை நேர்மையான, கறாரான மதிப்பீடு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் சாரிடம் தாளையும் நோட்டையும் கொடுத்தேன். வழக்கம்போல நின்று படித்தார். பிறகு உட்கார்ந்தார். அது வழக்கமில்லை.

"தண்ணி வந்து ஆறு நாள்னா நேத்து என்ன தேதி?"

"இருபத்தொண்ணு சார்." கணக்குப் போடாமலே சொன்னேன். வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்றே அம்மா போன் செய்திருந்தார்.

"அப்ப அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிருக்கு."

"புரிஞ்சுது சார்."

"பூஜ்யம் போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

உப்பளத்துப் பெண்ணுக்குப் பூஜ்யம் போட்டபோது நான் யோசிக்கவில்லை. இதை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். சார் அதைச் சொல்லவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பினார். இடப்பக்கம் நிறைய எழுதியிருந்தேன். நினைத்தது என்ற பத்தி வெறுமையாக இருந்தது. இருபது வருடத்தில் எந்த வழக்கிலும் அதை நான் வெறுமையாக விட்டதில்லை.

இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். ஊர், தெரு, மடை, வரப்பு, பாடை, கை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். நடுவில் ஒரே ஒருமுறை குறுக்கிட்டு, கை சேற்றில் பட்டதை நான் பார்த்தேனா என்று கேட்டார். இல்லை, அண்ணன் சொன்னான் என்றேன். தலையசைத்துவிட்டு மீதியைக் கேட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அப்படிக் கேட்டதற்காகச் சில மாதங்கள் அவர்மேல் எனக்கு வருத்தம் இருந்தது.

மதிப்பெண்ணைத் திருத்திவிடலாமா என்று கேட்டேன். விதிப்படி போட்டால் அவர் எல்லைக்கு மேலே வந்துவிடுவார். சார் வேண்டாம் என்றார். இப்போது திருத்தினால் தெருவுக்குப் பாதை கிடைப்பதற்காகத் திருத்தியதாக ஆகும். நான் கூட்டினாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு. வேறு ஊரிலிருந்து ஒருவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், காரணத்தோடு.

"சொந்தக் காரணம்னு போட்டா போதும். யாரும் மேல கேக்க மாட்டாங்க" என்றார்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். சொந்தக் காரணம் என்று எழுதினால் ராமலிங்கம் எனக்கு உறவுக்காரர் என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். அது அவருக்கும் பிடிக்காது. அதோடு, முதல் தடவை சோதித்தது அந்தத் தெருவைச் சேர்ந்த பெண் என்று மகனின் வக்கீல் பிறகு கண்டுபிடித்தால் அடுத்து வருகிறவரின் அறிக்கையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். நான் மறைத்தது என் விஷயமாக மட்டும் இருந்தவரை மறைக்கலாம். இனி அது என் விஷயம் மட்டும் இல்லை.

மறுநாள் எழுதினேன். ஒரே வாக்கியம்: "மதிப்பீட்டுக்கு வந்தவரின் நிலத்தில் என் தந்தை பண்ணையாளாக இருந்தார், அவர் எழுதித் தர விரும்பும் பாதை என் குடும்பம் வசிக்கும் ஆதிதிராவிடர் தெருவுக்கானது, ஆகவே நான் செய்த மதிப்பீடு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நம்பத்தக்கதல்ல, அதை ரத்து செய்து வேறொருவரை நியமிக்க வேண்டுகிறேன்."

சார் நின்று, உரக்கப் படித்தார். பென்சில் கையில் இருந்தது. "இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மதிப்பீட்டாளர் மாறினால் ஏன் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்ல வேண்டும். அதுவும் முறை. அடுத்த வாரம் பெரியவரை வரச்சொன்னேன். அவர் கேட்டது இது: "ஏங்க, நான் சரியாச் சொல்லலீங்களா?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான் சரியாப் போடல. நான் உங்க ஊருதான். காத்தமுத்து மக."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"மடை காத்தமுத்துவா? நீ சின்னவ. வெளியூர் போயி படிச்சவ."

"ஆமா."

அதுவரை வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டவர் ஒரே நொடியில் 'நீ'க்கு வந்துவிட்டார். நினைவாற்றல், ஆள் அறிதல், சமூகச் சூழலைப் புரிந்துகொள்ளுதல் மூன்றும் பழுதில்லாமல் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சோதனை என்னிடம் இல்லை. அறிக்கையில் எழுத முடியாது.

"அவன் செத்தப்ப மழை" என்றார். "நாலு குழி நெலத்து நடவு மிதிபட்டுப் போச்சு. பாடை சாஞ்சு உங்கப்பன் கை சேத்துல விழுந்துச்சு. பாத்துகிட்டுத்தான் நின்னேன்."

மேசையில் இருந்த நோட்டை மூடினேன்.

"அதுக்குத்தான் வழி விடறேன்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாலு குழி நடவுக்கா, அந்தக் கைக்கா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. ஆனால் அவரைக் கேள்வி கேட்கும் உரிமையை முந்தின வாரம்தான் எழுத்துமூலம் விட்டுக்கொடுத்திருந்தேன். அவர் எழுந்து, கதவுப் பக்கம் போய், மகன் வந்துவிட்டானா என்று பார்த்தார். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். வலப்பத்தியில் அன்றைக்கு எழுத ஆரம்பித்தது அடுத்த பக்கத்துக்கும் போயிற்று.

திருச்சியிலிருந்து வந்த உளவியலாளர் இரண்டு நாள் சோதித்தார். வயதுக்கேற்ற மறதி உண்டு, என்ன செய்கிறோம், அதனால் என்ன ஆகும் என்பது தெளிவாகத் தெரிகிறது என்று அறிக்கை கொடுத்தார். நீதிமன்றத்தில் மகனின் வக்கீல், முதலில் சோதித்தவர் யார் தெரியுமா என்று ஆரம்பித்தாராம். என் கடிதம் கோப்பிலேயே இருப்பதை நீதிபதி காட்டியதும் உட்கார்ந்துவிட்டாராம். மனு தள்ளுபடி. பெரியவர் அந்தத் துண்டை ஊராட்சி பெயருக்கு எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தை டைப் செய்தவர் வழியாக மருத்துவமனை முழுக்கத் தெரு தெரிந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி சில வாரம் காலியாக இருந்தது. என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் வந்து உப்பைக் குறைத்துவிட்டார். என்னிடம் பதற்ற நோய்க்காக மூன்று வருடமாக வந்துகொண்டிருந்த ஒரு வசதியான வீட்டு அம்மாள் வராமல் நின்றார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வேறொருவரிடம் போயிருந்ததாகவும், தான் சொல்வதை அவர் கடைசிவரை கேட்காமல் கடிகாரத்தைப் பார்ப்பதாகவும் சொன்னார். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம்.

என் அண்ணன் மட்டும் அந்தக் கடிதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாளே நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பியிருந்தால் பாதை ஆறு மாதம் முன்னாலேயே வந்திருக்கும் என்றான். அந்த ஆறு மாதத்தில் எங்கள் தெருவில் இரண்டு பேர் இறந்து வரப்பில்தான் போனார்கள். பயிற்சி வகுப்பில் பன்னிரண்டு நிமிடத்தோடு நான் நிறுத்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாதை போட்டு நான்கு வருடம் கழித்து அம்மா இறந்தார். பாடையை நாலு பேரும் சேர்ந்து, தடுமாறாமல் தூக்கிப் போனார்கள். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அப்பாவைக் கொண்டுபோனபோதும் அங்கேதான் நின்றேன். வரப்பு வளைந்து தென்னந்தோப்புக்குப் பின்னால் போய்விட்டது. அதன்பிறகு எதுவும் தெரியவில்லை. புதுப் பாதை நேராகப் போகிறது. நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. அம்மாவைக் கீழே இறக்கிவைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.